வணிகர் கூடிய சாவடி



லூபோக் சீனா வட்டாரத்தில் வாழ்கிறவர்களுக்கு ஆறும் ஆற்று வாணிகமும் புதியவை அல்ல. ஊர்ப் பெயரிலேயே ஆறு இருக்கிறது. மலாய் மொழியில் லூபோக் என்றால் ஆற்றில் நீர் ஆழ்ந்து நிற்கும் மடு என்று பொருள். அந்தக் காலத்தில் சுங்கை ஊஜோங் பக்கத்து ஈயம் லிங்கி ஆற்றில் படகேறித்தான் கடலுக்குப் போயிற்று. அந்த ஈயத்தின் மீது கண் வைத்தே டச்சுக்காரர்கள் 1757-ஆம் ஆண்டில் கோலா லிங்கியில் ஒரு கோட்டையை எழுப்பத் தொடங்கினார்கள். பால் வெட்டும் கத்தி இந்தப் பக்கம் வருவதற்கு நூறு ஆண்டுகளுக்கும் மேலாக முன்பே இங்கே தராசு வந்துவிட்டது.

எல்லையைத் தாண்டி நெகிரி செம்பிலான் பக்கம் போனால் பெங்காலான் கெம்பாஸ் என்ற இடத்தில் சில பழைய கற்கள் நிற்கின்றன. வாள் போல ஒன்று, படகின் சுக்கான் போல ஒன்று, அகப்பை போல ஒன்று. அவற்றின் அருகில் 1467-ஆம் ஆண்டைக் குறிக்கும் எழுத்துகள் கொண்ட கல்லொன்றும் உண்டு. அந்தக் கல்லில் ஒரு துளை இருக்கிறது. பொய் சொல்கிறவன் அதற்குள் கையை விட்டால் துளை சுருங்கிக் கையைப் பிடித்துக்கொள்ளும் என்று அந்தப் பக்கத்து மக்கள் சொல்லி வந்தார்கள். யாருடைய கையையாவது அது பிடித்ததா என்று நாம் விசாரணை நடத்த வேண்டாம். சரக்கும் பணமும் கை மாறுகிற ஆற்றங்கரையில் உண்மையைச் சோதிக்க ஒரு கல் வேண்டும் என்று மனிதர்கள் நினைத்தார்களே, அந்த நினைப்புத்தான் இன்றைய பேச்சுக்கு நமக்கு வேண்டியது.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது இடைக்கால வணிகர் கூடிய சாவடியைப் பற்றி. சாவடி என்பது ஊரார் கூடிப் பேசும் இடம். கப்பல் வந்து சேர்ந்ததும் வணிகர்கள் ஓரிடத்தில் கூடி, எதற்கு என்ன விலை, யார் எவ்வளவு தீர்வை கட்டுவது, தகராறு வந்தால் யார் தீர்ப்பது என்று முடிவு செய்தார்கள். அப்படிப்பட்ட இரண்டு இடங்களை நாம் பார்க்கப் போகிறோம். ஒன்று சுமத்ராவில் இருந்தது. இன்னொன்று நமக்குப் பக்கத்தில், மலாக்காப் பட்டணத்தில் இருந்தது. இரண்டிலும் தமிழர் அமர்ந்திருந்தார்கள். இரண்டுக்கும் இன்று தூணுமில்லை, கூரையுமில்லை. முதலாவதற்கு ஒரு கல் சாட்சி. இரண்டாவதற்கு ஒரு மருந்து வணிகர் எழுதிய நூல் சாட்சி.

முதலில் கல்லைப் பார்ப்போம். நம் கரையிலிருந்து மலாக்கா நீரிணையைக் கடந்து, சுமத்ரா தீவின் மலைகளையும் கடந்தால் மேற்குக் கரையில் பாருஸ் என்ற சிற்றூர் இருக்கிறது. அதன் பக்கத்திலுள்ள லோபு துவா என்னுமிடத்தில் 1873-ஆம் ஆண்டில் எழுத்துப் பொறித்த கல் ஒன்று கண்டெடுக்கப்பட்டது. எழுத்து தமிழ் எழுத்து. மொழியும் தமிழே. கல் பின்னர் ஜகார்த்தா அரும்பொருளகத்திற்குப் போய்ச் சேர்ந்தது. வரலாற்றறிஞர் நீலகண்ட சாஸ்திரியார் 1932-இல் அதைப் பற்றி விரிவாக எழுதினார். பிற்காலத்தில் கல்வெட்டறிஞர் எ. சுப்பராயலு அதை மறுபடியும் படித்து, விளங்காமல் இருந்த பல சொற்களுக்கு விளக்கம் தந்தார்.

அந்தக் கல் சக ஆண்டு 1010, மாசித் திங்கள் என்று காலத்தைச் சொல்கிறது. நம் கணக்கில் அது கி.பி. 1088. அப்போது தமிழ்நாட்டில் முதலாம் குலோத்துங்கன் ஆண்டுகொண்டிருந்தான். சுங்கத்தை நீக்கியதற்காகச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பெயர் பெற்றவன் அவன். அந்த நாளில் தமிழ்க் கல்வெட்டு என்றால் அரசன் புகழைப் பாடித் தொடங்குவதே பெருவழக்கு. பாருஸ் கல் அப்படித் தொடங்கவில்லை. ஆண்டையும் மாதத்தையும் சொல்லிவிட்டு நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறது. வாரோசு நகரத்தின் வேளாபுரத்தில் கூடியிருந்து நாங்கள் இதைத் தீர்மானித்தோம் என்கிறது. வாரோசு என்பது பாருஸின் அந்நாளைய பெயர். வேளாபுரம் என்றால் கப்பல் வந்து அடையும் கடற்கரைத் துறை. கூடியிருந்தவர்கள் 'திசை ஆயிரத்து ஐந்நூற்றுவர்'.

யார் இந்த ஐந்நூற்றுவர்? தலை எண்ணினால் சரியாக ஐந்நூறு பேர் இருப்பார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. கர்நாடகத்து ஐஹொளெ, அதாவது தமிழில் ஐயப்பொழில் என்ற ஊரோடு தொடர்புடைய பழைய வணிகக் குழுவின் பெயர் அது. காலம் போகப் போகத் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் அதன் கிளைகள் பரவின. பல சாதியினரும் பல மொழியினரும் அந்தப் பெயரின் கீழே சேர்ந்துகொண்டார்கள். ஊருக்கு ஊர் உள்ள வணிகரும் சேர்ந்து கூடிய பெருங்கூட்டத்துக்குப் 'பெருநிரவி' என்று பெயர். தமிழ்நாட்டில் சிவகங்கைச் சீமையிலுள்ள பிரான்மலைக் கோயிலில், பதின்மூன்றாம் நூற்றாண்டில் கூடிய வணிகர்கள், மூட்டைக்கு இவ்வளவு என்று தமக்குத் தாமே ஒரு மகமையை விதித்துக் கல்லில் வெட்டி வைத்தார்கள். உப்பும் நெல்லும் மிளகும் பாக்கும் அந்தப் பட்டியலில் வருகின்றன. அங்கே கோயில் மண்டபமே சாவடியாக இருந்தது. கடல் கடந்த இடத்தில் துறைமுகமே சாவடியாயிற்று.

பாருஸ் கூட்டத்தின் தீர்மானம் என்ன? கப்பலின் தலைவனும் அவனோடு வருகிறவர்களும் ஒரு தீர்வையைப் பொன்னாகக் கட்ட வேண்டும். அந்தப் பொன்னின் அளவு கஸ்தூரியின் விலையை வைத்துக் கணக்கிடப்படும். தீர்வையைக் கட்டிய பிறகே, விரித்து வைத்திருக்கும் பாவாடைத் துணியின் மேல் ஏறலாம். வாணிகத்தில் இறங்க அதுவே அனுமதி என்று கொள்ளலாம். அந்தத் தீர்வை யாருக்குப் போகும் என்பதும் கல்லில் இருக்கிறது. நகரசேனாபதி நாட்டுச் செட்டியார் ஒருவர். பதினெண்பூமி தேசி அப்பர் என்ற பட்டப் பெயருடையவர் இன்னொருவர். மூன்றாவதாக 'மாவெத்துகள்' என்றொரு கூட்டத்தார். யானை பிடிக்கும் தொழிலோர் என்று ஆய்வாளர்கள் இதற்குப் பொருள் சொல்கிறார்கள். இவர்களைத் தம் பிள்ளைகள் என்று உறவு சொல்லியே ஐந்நூற்றுவர் குறிப்பிடுகிறார்கள். கடைசியில், அறத்தை மறக்க வேண்டாம் என்று நினைவூட்டிவிட்டுக் கல் முடிகிறது.

நேயர்களே, இந்த ஏற்பாட்டைச் சற்று நிறுத்தி யோசித்துப் பாருங்கள். ஊரை விட்டுக் கடல் கடந்து வந்த இடம். பக்கத்தில் தம் அரசனும் இல்லை, அவனுடைய படையும் இல்லை. 1025-ஆம் ஆண்டளவில் இராசேந்திர சோழனின் கப்பற்படை கடாரத்தையும் ஸ்ரீவிஜயத்தையும் தாக்கியது உண்மை. பாருஸ் கல் வெட்டப்பட்டது அதற்கு 63 ஆண்டுகள் கழித்து. படையெடுத்து வந்தவர்கள் ஊர் திரும்பி இரண்டு தலைமுறை ஆகியிருக்கும். துறையில் இருந்தவர்கள் வணிகர்கள். அங்கே ஒருவன் ஏமாற்றினால் யாரிடம் போய் முறையிடுவது? ஆகவே விதியை எல்லாருமாகக் கூடி வகுத்தார்கள். பின்னால் வருகிற கப்பல்காரன், 'எனக்குத் தெரியாது, யாரும் சொல்லவில்லை' என்று சொல்ல முடியாதபடி கல்லில் வெட்டினார்கள். வாயால் பேசியது நாளைக்கு மாறும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பாருஸில் அப்படி என்ன இருந்தது? கற்பூரம் இருந்தது. தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தட்டில் வைத்து ஏற்றுகிறோமே, அந்தக் கற்பூரம் இப்போது தொழிற்சாலையில் செய்யப்படுகிறது. பழைய கற்பூரம் வேறு. அது காட்டில் நூறடிக்கும் மேல் உயர்ந்து வளரும் ஒரு பெருமரத்தின் வயிற்றுக்குள், வெடிப்புகளில் வெள்ளை வெள்ளையாக உறைந்து கிடக்கும். எந்த மரத்தில் இருக்கிறது, எதில் இல்லை என்பது வெளியே தெரியாது. மரத்தை வெட்டிச் சாய்த்துப் பிளந்தால்தான் தெரியும். பல மரங்களில் ஒன்றுமே கிடைக்காது. பாருஸ் பகுதியை அராபியர் ஃபன்சூர் என்றார்கள். ஃபன்சூர்க் கற்பூரம் எடைக்கு எடை பொன்னுக்கு விற்றது என்று மார்க்கோ போலோ எழுதி வைத்திருக்கிறார்.

அந்த மரம் நம் தீபகற்பத்தின் காடுகளிலும் உண்டு. ஜொகூர்க் காடுகளில் கற்பூரம் தேடிப் போன ஜக்குன் மக்கள், தேடுகிற நாட்களில் வழக்கமான பேச்சையே விட்டுவிட்டு, அதற்கென்று ஒரு தனிப் பேச்சைப் பேசினார்கள். சாதாரணப் பேச்சைக் கேட்டால் மரத்துக்குள் இருக்கும் கற்பூரம் மறைந்துபோகும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. இதைக் கேட்டுச் சிரிக்கலாம். ஆனால் நாள் கணக்கில் காட்டில் அலைந்து, மரத்தைச் சாய்த்து, வெறுங்கையோடு திரும்புகிறவனுக்கு ஏதாவது ஒரு நம்பிக்கை வேண்டாமா? ஒன்றை மட்டும் நாம் குறித்துக்கொள்ள வேண்டும். பாருஸ் கல்லில் கப்பல்காரனுக்கு இடம் இருக்கிறது, செட்டியாருக்கு இடம் இருக்கிறது, மாவெத்துகளுக்குக்கூட இடம் இருக்கிறது. மரம் வெட்டியவனைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. சாவடியின் பெருமையைப் பேசும்போது இந்தக் குறையையும் சேர்த்தே பேச வேண்டும். காலை நான்கு மணிக்கு எழுந்து மரத்தைத் தேடிப் போன நம்மவர்கள் இதை எளிதில் புரிந்துகொள்வார்கள்.

லோபு துவாவில் 1995-ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகள் பிரெஞ்சு நாட்டாரும் இந்தோனேசியரும் சேர்ந்து அகழ்ந்து பார்த்தார்கள். சீனப் பீங்கான் கிடைத்தது, மேற்காசியக் கண்ணாடி கிடைத்தது. ஒன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து அங்கே பெரிய குடியிருப்பு இருந்திருக்கிறது. பதினொன்றாம் நூற்றாண்டு முடிந்து சிறிது காலத்துக்குள் மக்கள் அந்த இடத்தை விட்டுப் போய்விட்டார்கள். அதாவது, கல் நட்டு ஒரு தலைமுறை போவதற்குள் நட்ட இடம் வெறிச்சோடிவிட்டது.

ஆனால் வணிகர்கள் ஓயவில்லை. பாருஸுக்கு முன்பே, ஒன்பதாம் நூற்றாண்டில், இன்றைய தாய்லாந்தின் தக்குவாபா பக்கத்தில் ஒரு குளத்தை மணிக்கிராமம் என்ற வணிகக் குழுவின் காவலில் விட்டதாக ஒரு தமிழ்க் கல்வெட்டு சொல்கிறது. பாருஸுக்குப் பின்பு, 1281-இல், சீனத்துச் சுவான்சௌ துறைமுகத்தில் சிவன் கோயில் எழுந்ததை இன்னொரு தமிழ்க் கல்வெட்டு சொல்கிறது. இந்தக் கடல்வழியின் நடுவில்தான் 1400-ஆம் ஆண்டையொட்டி மலாக்கா தோன்றியது.

மலாக்காவுக்கு வருவோம். இங்கே நமக்குச் சாட்சி சொல்கிறவர் தோமே பிரேஸ் என்ற போர்த்துக்கீசியர். அவர் தொழிலால் மருந்து வணிகர். 1512-இல் மலாக்காவுக்கு வந்து, போர்த்துக்கீசியர் பண்டகசாலையில் கணக்குப் பார்க்கும் வேலையில் இருந்தார். ஊர் பிடிபட்டு ஓராண்டுதான் ஆகியிருந்தது. பழைய சுல்தான் காலத்து நடைமுறைகளை நேரில் கண்டவர்கள் ஊர் நிறைய இருந்தார்கள். அவர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதினார். கணக்கெழுதுகிறவர் கண்ணுக்குப் பெரிய யுத்தங்களைவிடச் சிறிய சில்லறைக் கணக்குகள்தான் முதலில் படும். அதனாலேயே அவர் நூல் நமக்குப் பயன்படுகிறது.

மலாக்காவில் சில சமயம் 84 மொழிகள் பேசப்பட்டன என்கிறார் பிரேஸ். இத்தனை மொழிக்காரரை எப்படிக் கட்டி மேய்ப்பது? நான்கு ஷாபந்தர்களை வைத்தார்கள். ஷாபந்தர் என்றால் துறைமுக அதிகாரி. குஜராத்தியருக்கு ஒருவர். தமிழர், வங்காளியர், பெகு நாட்டார், பாசை நாட்டார் ஆகியோருக்கு ஒருவர். ஜாவா முதலிய கீழைத் தீவினருக்கு ஒருவர். சீனருக்கும் அவர்களைச் சேர்ந்தவர்களுக்கும் ஒருவர். கப்பல் வந்ததும் அந்தந்த ஷாபந்தரிடம் போக வேண்டும். அவர் சரக்கு வைக்கக் கிடங்கு காட்டுவார். வேண்டியவர்களைப் பார்க்க அழைத்துப் போவார்.

அந்த நாளைய மலாக்காவில் வீடுகள் பெரும்பாலும் மரமும் ஓலையும். தீப்பிடித்தால் தெருவே போய்விடும். ஆகவே வணிகர்கள் சரக்கைப் பாதி நிலத்துக்குள் புதைந்தது போன்ற கட்டடங்களில் வைத்துப் பூட்டினார்கள். அவற்றைப் போர்த்துக்கீசியர் 'குதாவோ' என்று எழுதினார்கள். மலாய்க்காரர் குடாங் என்கிறார்கள். ஆங்கிலத்தில் அதுவே கோடவுன் ஆயிற்று. சொல்லின் வேர் நம் 'கிடங்கு' அல்லது அதன் உறவான தெலுங்குச் சொல் என்பது மொழியறிஞர் கருத்து. கடை 'கெடாய்' ஆனதும், முதல் 'மோடால்' ஆனதும், கப்பல் 'காப்பால்' ஆனதும் இப்படித்தான். வீட்டில் சின்னப் பிள்ளைகளிடம் கேட்டால் பள்ளிக்கூட மலாய்ப் பாடத்திலிருந்து இன்னும் சில சொற்களைச் சொல்வார்கள்.

இனிச் சாவடிக்குள் போவோம். பிரேஸ் சொல்லும் பழைய வழக்கம் இது. கப்பல் சரக்கு இறங்குகிறது. தீர்வை கட்டப்படுகிறது. மேற்கிலிருந்து வந்தவர்கள் நூற்றுக்கு ஆறு வீதம் கட்ட வேண்டும். கிழக்கிலிருந்து வந்தவர்களுக்குத் தீர்வை இல்லை, காணிக்கை மட்டும் உண்டு. பிறகு தெமெங்கோங் என்ற அதிகாரியின் முன்னிலையில் உள்ளூர் வணிகர்கள் பத்துப் பேரோ இருபது பேரோ கூடுகிறார்கள். சரக்குக்கு உரியவரும் அங்கே இருக்கிறார். எல்லார் முன்னாலும் விலை கேட்கிறார்கள். விலை படிந்ததும், கூடியிருந்த வணிகர்கள் அந்தச் சரக்கை வீதப்படி தங்களுக்குள் பங்கிட்டு எடுத்துக்கொள்கிறார்கள். வந்தவருக்குப் பணம் உடனே தீர்க்கப்படுகிறது. வாங்கியவர்கள் பின்னர் ஆற அமரத் தங்கள் விருப்பப்படி விற்றுக்கொள்கிறார்கள்.

இந்த அவசரத்துக்குக் காரணம் காற்று. பாய்மரக் கப்பல் பருவக்காற்றை நம்பி ஓடுவது. காற்று மாறுவதற்குள் விற்று, வாங்கி, ஏற்றிக்கொண்டு புறப்படாவிட்டால் மாதக்கணக்கில் கரையில் கிடக்க வேண்டும். அவசரப்படுகிறவனை ஏமாற்றுவது எளிது. தனியாக அழைத்துப் போய், 'இன்றைக்கு இதுதான் விலை' என்று சொல்லிவிடலாம். அதைத் தடுக்கத்தான் எல்லார் முன்னிலையிலும் பேச்சு. விலை ஊரறிந்ததாக இருந்ததால், வந்தவன் மனக்குறையோடு போகவில்லை, உள்ளூர்க்காரனும் நஷ்டப்படவில்லை என்பது பிரேஸ் எழுதியதன் சாரம். அதனாலேயே நாடு ஒழுங்காக நடந்தது என்றும் அவர் சொல்கிறார்.

கப்பலுக்குள்ளும் ஓர் ஒழுங்கு இருந்தது. சுல்தான் மஹ்மூது ஷா காலத்தில் தொகுத்த மலாக்காக் கடற்சட்டம், துறைமுகத்தில் யார் முதலில் விற்பது என்று வரிசை வைத்திருந்தது. நகோடா என்ற கப்பல் தலைவனுக்கு முதல் நான்கு நாள். கப்பலில் இடம்பிடித்து வந்த வணிகருக்கு அடுத்த இரண்டு நாள். அதன் பிறகே மற்றவர்கள். மாலுமிகளுக்கும் தங்கள் சொந்தச் சரக்கை வைக்கக் கப்பலில் ஓரளவு இடம் உண்டு. உழைக்கிறவனுக்குக் கடைசி வரிசைதான் என்றாலும், வரிசையில் அவனுக்கு ஓர் இடம் எழுதி வைத்திருந்தார்கள்.

தோட்டத்தில் பால் நிறுத்த காலத்தை அறிந்தவர்களுக்கு இந்த விஷயம் நெருக்கமானது. வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்போம். பால் நிறுவையில் ஏறும். அதில் ரப்பர் எத்தனை பங்கு, தண்ணீர் எத்தனை பங்கு என்று பார்ப்பார்கள். கிராணியார் புத்தகத்தில் எழுதுவார். முள் எங்கே நின்றது என்பதை எட்டிப் பார்க்க முடிந்த இடத்தில் மனம் அமைதியாக இருக்கும். தராசு அந்தப் பக்கம் திரும்பியிருந்தால், எழுதியது சரியாகவே இருந்தாலும், வீடு வருகிற வரைக்கும் மனம் கணக்குப் போட்டுக்கொண்டே வரும். மலாக்கா வணிகர் செல்வர்கள். நாம் கூலிக்கு நின்றவர்கள். ஆனால் கண் முன்னால் நிறுக்க வேண்டும் என்ற ஆசையில் இரண்டு பேருக்கும் வேறுபாடு இல்லை.

பகலில் சாவடி நடந்த அதே ஊரில் இரவில் வேறொன்று நடந்தது. இதைச் சொல்வது 'செஜாரா மெலாயு' என்ற மலாய் வரலாற்று நூல். 1510-ஆம் ஆண்டளவில் நடந்ததாக அறியப்படும் செய்தி. அப்போது மலாக்காவில் இரண்டு பெரிய தமிழ் வணிகர்கள் இருந்தார்கள். ஒருவர் ஷாபந்தராக இருந்த ராஜா மெண்டலியார். முதலியார் என்ற பெயரே இப்படி ஆகியிருக்க வேண்டும். மற்றவர் வணிகர்களுக்குத் தலைவராக இருந்த நைனா சூர தேவன். இருவருக்கும் ஒரு வழக்கு. பெண்டஹாரா, அதாவது முதலமைச்சரிடம் வந்தார்கள். பொழுது சாய்ந்துவிட்டது, நாளைக்கு வாருங்கள் என்று அவர் அனுப்பிவிட்டார்.

அந்த ஓர் இரவுதான் வினையாயிற்று. எதிரி பணம் கொடுத்துத் தீர்ப்பை வாங்கிவிடுவானோ என்று அஞ்சிய சூர தேவன், தானே முந்திக்கொண்டு இரவில் பெண்டஹாரா வீட்டுக்குப் பொன்னோடு போனார். பெண்டஹாரா அதை வாங்கிக்கொண்டார். இதை அறிந்த கிட்டுல் என்பவன் ராஜா மெண்டலியாரிடம் ஓடினான். அவன் சூர தேவனுக்கு உறவினன், மெண்டலியாரிடம் கடன்பட்டவன். உம்மைக் கொல்லவே ஏற்பாடு நடக்கிறது என்று இல்லாததையும் சேர்த்துச் சொன்னான். சொன்னதற்குக் கூலியாகக் கடன் தள்ளுபடியாயிற்று. பயந்துபோன மெண்டலியார், பெண்டஹாரா அரியணைக்கே குறி வைக்கிறார் என்று லக்சமணாவிடம் போய்ச் சொன்னார். அவரிடமும் வெறுங்கையோடு போகவில்லை. லக்சமணா சுல்தானிடம் சொன்னார். சுல்தான் விசாரிக்கவில்லை. பெண்டஹாராவும் அவர் குடும்பத்தாரும் கொல்லப்பட்டார்கள். பொய் வெளிப்பட்டபோது ராஜா மெண்டலியாருக்கும் கிட்டுலுக்கும் மரணம் வந்தது. இன்றும் மலாய்க்காரர் காட்டிக்கொடுப்பவனை 'சீ கிட்டுல்' என்கிறார்கள்.

இந்தக் கதையை அப்படியே முழுதாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதில்லை. நமக்குக் கிடைக்கும் நூல் வடிவம் 1612-இல் அரண்மனையைச் சேர்ந்தவர்கள் திருத்தியமைத்தது. வீழ்ச்சிக்குப் பழி சுமக்க அயல் வணிகர்கள் வசதியான ஆட்கள். பொன்னை வாங்கிய கை யாருடையது, விசாரிக்காமல் வாளை அனுப்பியது யார் என்பதையும் கேட்கத்தான் வேண்டும். எனினும், மெண்டலியாரும் சூர தேவனும் பகலில் பத்துப் பேர் நடுவில் விலை பேசிப் பழகியவர்கள். அதே பகலில் தங்கள் வழக்கையும் பேசியிருந்தால் ஒரு பிணமும் விழுந்திருக்காது என்றே நமக்குத் தோன்றுகிறது.

மறு ஆண்டு, 1511 ஆகஸ்டில், அல்புகர்க் மலாக்காவைப் பிடித்தான். அங்கேயும் ஒரு தமிழ் வணிகர் வருகிறார். போர்த்துக்கீசியர் அவர் பெயரை நீனா சாத்து என்று எழுதினார்கள். 1509-இல் சிறைப்பட்ட போர்த்துக்கீசியருக்கு அவர் உதவியிருந்தார். அதற்குக் கைம்மாறாக அவருக்குப் பெண்டஹாரா பதவி கிடைத்தது. புதிய ஆட்சியோடு கூட்டுச் சேர்ந்து கப்பல்களும் அனுப்பினார். 1514-இல் பதவியைப் பிடுங்கிக் கம்பார் நாட்டு அரசரிடம் கொடுத்தார்கள். அவமானம் பொறுக்காத நீனா சாத்து தீ மூட்டி அதில் இறங்கி உயிர்விட்டார் என்று போர்த்துக்கீசிய நூல்களே கூறுகின்றன. அவரைத் துரோகி என்பவர்களும் உண்டு, கெட்டிக்கார வணிகர் என்பவர்களும் உண்டு. பதவி தந்தவன் நினைத்தால் பறிக்கவும் முடியும் என்பதை அவர் எண்ணிப் பார்க்கவில்லை என்பது மட்டும் உண்மை.

அதன் பிறகு மலாக்காத் துறையில் கோட்டைத் தலைவர்கள் தாங்களே வாணிகம் செய்யத் தொடங்கினார்கள். அதிகாரியே வணிகனாகவும் இருக்கும் இடத்தில் வந்தவன் விலை பேச முடியுமா? பல கப்பல்கள் அச்சே, ஜொகூர் என்று வேறு துறைகளைத் தேடிப் போயின. கோட்டை நின்றது. சாவடி கலைந்தது.

மலாக்கா நகரில் தமிழர் வாழ்ந்த பகுதியைக் கம்போங் கிளிங் என்றார்கள். 1613-இல் எரேடியா எழுதிய நூலிலும் இந்தப் பெயர் இருக்கிறது. கலிங்கம் என்ற நாட்டுப் பெயரிலிருந்து வந்த சொல் இது. பிற்காலத்தில் நம்மை இகழும் சொல்லாகத் தெருவில் வீசப்பட்டது வருந்தத்தக்கது. பிரேஸ் காலத்தில் அது துறைமுகத்திலேயே பெரிய வாணிகம் நடத்தியவர்களின் பெயர்.

லூபோக் சீனாவிலிருந்து மஸ்ஜித் தானா, சுங்கை ஊடாங் வழியாகத் தஞ்சோங் கிளிங் கடந்து, தெங்கேராவில் நுழைந்து மலாக்காவுக்குப் போகிறவர்கள் அந்தப் பழைய வணிகர் பகுதியின் ஊடாகத்தான் போகிறார்கள். நேரமிருந்தால் தங்காசாரித் தெருவுக்கு, ஜாலான் துக்காங் எமாசுக்குச் செல்லுங்கள். அங்கே பொய்யாத விநாயகர் கோயில் இருக்கிறது. 1781-இல் டச்சு ஆட்சியினர் தைவநாயகம் செட்டிக்குத் தந்த நிலத்தில் எழுந்தது. பக்கத்திலேயே கம்போங் கிளிங் பள்ளிவாசலும் சீனர் கோயிலும் நிற்கின்றன. பழைய வணிகர் வழியில் வந்த மலாக்காச் செட்டிகள் காஜா பெராங்கில் வாழ்கிறார்கள். பேசுவது மலாய், கும்பிடுவது நம் தெய்வங்களை.

கோயிலுக்குப் போகும் வழியில் கற்பூரம் வாங்க வேண்டியிருக்கும். மலாய்க் கடைக்காரரிடம் 'காப்பூர் பாரூஸ்' என்று கேளுங்கள். எடுத்துக் கொடுப்பார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஐந்நூற்றுவர் கூடிய அந்தத் துறையின் பெயர் அதில் இருக்கிறது.